ஓடிப்போற அபாயம்

"சந்தேகத்தில பிடிச்ச ஆளை நினைச்சபாட்டுக்கு அடைச்சு வைக்க ஏலாது, பிளோறன்ஸ். இது ஜேர்மனி!"

நீதிமன்றத்திலிருந்து வந்த கிறிஸ்தோப்பர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தியபடி குசினிக்குள் நுழைந்தார். ஹம் நகரத்தில் தமிழாட்களைப் பிடித்து விசாரித்தால், மொழிபெயர்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"இண்டைக்கு ஒரு பொடியன். பேர் சொல்லமாட்டன், தொழில் ரகசியம். கடையில கைபேசி களவெடுத்தானெண்டு நேற்றுப் பிடிச்சவங்கள். பிடிச்சால், அடுத்த நாள் முடியிறதுக்குள்ள நீதிபதிக்கு முன்னால நிப்பாட்ட வேணும். சும்மா சந்தேகம் காணாது, பலமான சந்தேகம் வேணும். அதோட, வழக்கு வர முந்தி ஓடிப்போவான், இல்லாட்டி சாட்சியைக் குழப்புவான், அப்பிடி ஏதாவது ஒரு காரணமும் வேணும். இல்லையெண்டால் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். விட்டிட்டா அந்த நீதிபதி அம்மா! என்ன நியாயம், என்ன நியாயம்!"

அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்த மனைவி பிளோறன்ஸ் நிமிரவில்லை.

"அப்ப, உங்கட மகளை எப்ப விடப்போறியள்?"

"அது வேற."

மகள் லவினியா நேற்றுப் பின்னேரத்திலிருந்து அறைக்குள் இருந்தாள். கதவு பூட்டியிருக்கவில்லை. ஆனால் அவளுடைய கைபேசி அப்பாவின் சட்டைப்பையில். சப்பாத்துகள் எல்லாம் அப்பாவின் கார் டிக்கியில்.

நாளைக் காலை ஸ்டுட்கார்ட்டில் அவளுக்குத் தொழிற்பயிற்சிக்கான நேர்முகம். போகாவிட்டால் அந்த இடம் இன்னொருத்திக்குப் போய்விடும்.

அவள் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றம் இதுதான்: ரயில் நிலையத்தில் ஒரு பையனோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றதைப் பக்கத்து வீட்டு டெல்சி அக்கா கண்டுவிட்டார். பையனுக்கு ஊர் ஸ்டுட்கார்ட்டாம்.

அறைக் கதவு திறந்தது.

"அப்பா, என்னைப் பிடிச்சது நேற்று. இண்டைக்கு முடியிறதுக்குள்ள எனக்கு நீதிபதி வேணும்."

"இஞ்சை ஆரடி நீதிபதி?"

"நான்," என்றார் பிளோறன்ஸ். கத்திப் பிடியால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஜேர்மன் நீதிபதியள் மேசையில தட்டுறேல்லை."

"இந்த நீதிபதி தட்டுவா."

"எனக்கு ஒரு லோயரும் வேணும்," என்றாள் லவினியா.

"மீன் பொரிக்க முந்தி முடிக்க வேணும். லோயருக்கு நேரமில்லை. நீங்கள் சொல்லுங்கோ, என்ன ஆதாரம்?"

"டெல்சி கண்ணால கண்டவா!"

"போன மாசம் டெல்சி உங்களையும் கண்டவா. கொழுப்புக்குக் குளிசை போடுற மனுசன், சந்தைக்குப் பக்கத்தில நிண்டு பொரிச்ச சொசேஜ் சாப்பிட்டவராம். உண்மையோ?"

கிறிஸ்தோப்பர் கழுத்துப்பட்டியை இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்.

"டெல்சிக்குக் கண் பார்வை அவ்வளவு சரியில்லை."

"நீதிபதி கவனிக்க வேணும்," என்றாள் லவினியா. "சாட்சிக்குக் கண் தெரியாதாம்."

"வாய் காட்டாதை! நீயே சொல்லு. ஆரவன்?"

"சந்தேகப்படுற ஆளுக்கு வாய் திறக்காமல் இருக்க உரிமை இருக்கு. நீங்கள்தானே அப்பா எல்லாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்றனீங்கள்?"

"சொல்றனான்தான். அவை ஒருத்தரும் நான் பெத்த பிள்ளையள் இல்லை!"

லவினியா தாயின் பக்கம் திரும்பினாள். "அடைச்சு வைக்காமல் வேற வழி இருந்தால் அதைத்தான் பார்க்க வேணுமாம், அம்மா. கைபேசியைத் தரட்டும். ரயில் நிக்கிற இடமெல்லாம் படம் எடுத்து அனுப்புறன். பக்கத்து சீற்றும் தெரியிற மாதிரி."

"நல்ல யோசினை," என்றார் நீதிபதி.

"நல்ல யோசினையோ? அவள் ஓடிப்போவாள், பிளோறன்ஸ்! ஓடிப்போற அபாயம்! அந்தக் காரணம் ஒண்டே போதும்!"

"நீதிமன்றத்தில சொல்றது விசாரணைக்குப் பயந்து ஓடுறது, அப்பா. நீங்கள் சொல்றது வேற ஓட்டம்."

"எல்லா ஓட்டமும் ஒண்டுதான்! ஓடப்போற ஆக்களின்ர முழி எனக்குத் தெரியும். ஓடி வந்த ஆக்களெல்லே நாங்கள்! ஊரில ஆமி துரத்த, நானும் கொம்மாவும் ஒரு பையோட பேர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில வந்து இறங்கினனாங்கள். ஓடுறதெண்டால் என்னெண்டு உனக்கென்ன தெரியும்?"

ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் கேட்கிற கதை. 'ஒரு பையோட' என்ற இடத்தில் லவினியாவின் உதடும் கூடவே அசைந்தது.

பிளோறன்ஸ் கத்தியைக் கழுவி வைத்தார்.

"விசாரணை முடிஞ்சுது. பிள்ளை நாளைக்குப் போறாள். டிக்கியைத் திறந்து சப்பாத்தை எடுக்க வேணும், கார்த் திறப்பைத் தாங்கோ."

"அதெப்பிடி? காரணம் சொல்லாமல் தீர்ப்புச் சொல்ல ஏலாது! சட்டம் அப்பிடித்தான். காரணத்தைச் சொல்லு!"

"சொல்லட்டோ?"

கிறிஸ்தோப்பர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அடுத்த கணம் கார்த் திறப்பு மேசைக்கு வந்தது. கேட்காமலே கைபேசியும் வந்தது.

"வேண்டாம், வேண்டாம். தீர்ப்பை நான் ஏற்றுக்கொள்ளுறன்."

லவினியா விடவில்லை. "சட்டமெண்டால் சட்டம்தானே! என்னம்மா காரணம்?"

"நாங்கள் ஓடி வந்த ஆக்கள்தான் பிள்ளை, அதில பொய் இல்லை," என்றார் பிளோறன்ஸ், மீனுக்கு மஞ்சள் பூசியபடி. "ஆனால் ஆமி பிறகுதான் துரத்தினது. முதல்ல துரத்தினது உன்ர அம்மப்பா."