வரி இல்லாத வயல்

வயலெலி செங்கமலம் பத்துக் கதிர் சேர்த்தால் மூன்று வரியாகப் போய்விடும். மிச்சம் ஏழில்தான் அவளுடைய ஐந்து குட்டிகளும் வயிறு கழுவின.

வயல் தலைவர் தேர்தலுக்கு நின்ற பெருச்சாளியார் வரப்பில் ஏறி முழங்கினார்: "இனி வரியே கிடையாது! எல்லாருக்கும் வேலை!"

"என்ன வேலைங்க அண்ணே?" என்று கேட்டாள் செங்கமலம்.

"கதிரை அறுத்து என் வளையில சேர்க்கணும். பத்துக்கு அஞ்சு கூலி."

"இப்பவே எனக்கு ஏழு மிஞ்சுதே!"

"வேலை குடுக்க வந்த மகராசன்கிட்டயா கணக்குப் பேசுறே?" என்று கூட்டம் அவளை அதட்டி உட்கார வைத்தது.

பெருச்சாளியார் அமோகமாக ஜெயித்தார். வேலையில் சேராதவர்கள் கதிரைத் தொடக்கூடாது என்று மறுநாளே உத்தரவு வந்தது. செங்கமலம் வரிசையில் போய் நின்றாள். பெருச்சாளியாரின் மச்சான் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"சிபாரிசு ஏதாவது கொண்டாந்திருக்கியா தங்கச்சி?"