முதல் சுற்று

அரைச் சுற்று முடிவதற்குள் அவளுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது.

கால்பந்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வயிறு தொடையில் இடித்தது. மூச்சு உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்றே தெரியவில்லை.

காலையில் நடக்க வருகிற இரண்டு பெண்கள் அவளைத் தாண்டும்போது பேச்சை நிறுத்தினார்கள். தாண்டியதும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். நாள் முழுக்கத் தையல் மிஷினில் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைக்கிறவளுக்கு இந்த வயதில் உடம்பு வேறெப்படி இருக்கும்? ஓடுவதற்கான உடுப்பு அவள் அளவுக்கு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. தானே வெட்டித் தைத்துக்கொண்டாள். தொடை உரசும் இடத்தில் இரட்டைத் துணி வைத்தாள். அப்படியும் தோல் உரிந்து எரிந்தது.

மைதானத்தின் நடுவிலிருந்து மாஸ்டர் கைதட்டிக்கொண்டே வந்தார்.

ஒரு காலத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த பிறகும் ஊர் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது. முடியெல்லாம் நரைத்தும் உடம்பில் ஒரு பிடி சதை அதிகமில்லை. அவளிடமிருந்து இரண்டடி தள்ளியே நின்றார். முன்பின் தெரியாத பெண்களிடம் அவர் எப்போதும் அப்படித்தான்.

"முதல் நாள் இப்படித்தான் இருக்கும்மா. ஓடணும்னு கிளம்பி வந்தீங்களே, அதுவே பெரிசு."

அவள் தலையாட்டினாள்.

கையை இறுக்கி மூடாதீர்கள், உள்ளே கோழிக்குஞ்சு இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். குதிகாலைத் தொம் தொம்மென்று போட்டால் முட்டிதான் வீங்கும் என்றார். ஓடும்போது வாயைத் திறந்து பேசவே கூடாது என்றார். பிறகு, வாங்க, நானும் கூட வருகிறேன் என்று தன் வேகத்தை அவளுக்காகக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் ஓடினார். ஓட்டம் என்று பெயர்தான். நடக்கிறவர்களே அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் மாஸ்டரே பேச ஆரம்பித்தார்.

"என் வீட்டுக்காரியும் உங்க உடம்புதான். எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கேன். வாசப்படி தாண்ட மாட்டா."

அதற்குக் காரணமும் அவரே சொன்னார். கல்யாணமான புதிதில் அவளும் கூட வந்துகொண்டுதான் இருந்தாளாம். ஒருநாள் நாலு வாத்தியார்கள் முன்னால், பூமி அதிருதுடா, தள்ளி நில்லுங்க என்று இவர் கேலி செய்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து வரவில்லை. தப்பு தன்மேல்தான் என்று மாஸ்டருக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல மட்டும் இத்தனை வருஷமாக வாய் வரவில்லை என்றார்.

பக்கத்தில் ஓடியவள் பாதையைப் பார்த்தே ஓடினாள். ஓடும்போது பேசக் கூடாது என்று அவர்தானே சொல்லியிருந்தார்.

மைதானத்தின் வாசல் வந்தது. பாதை அங்கே திரும்ப வேண்டும்.

மாஸ்டர் திரும்பவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு சட்டென்று வடிந்தது. வேகத்தைக் கூட்டினார். வாசலைத் தாண்டி நேரே சாலையில் இறங்கினார்.

லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது.

ஓடுகிறவனைக் கண்டால் துரத்துகிறவனுக்கு இளக்காரம் என்பார்கள். துரத்திப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். கோழிக்குஞ்சும் குதிகாலும் அவள் நினைவில் இல்லை. நெஞ்சுக்குள் அடுப்பெரிந்தது. சதையெல்லாம் அவளோடு வராமல் தனித்தனியாகக் குலுங்கியது. பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த கூட்டம் முழுக்க அவளையே பார்த்தது.

நிறுத்தத்தைத் தாண்டுவதற்குள் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

அவர் திமிறவில்லை. தன் கையையும் அதைப் பிடித்திருந்த கையையும் மாறிமாறிப் பார்த்தார்.

போன மழைக்காலத்தில் இதே சாலையில் அவளால் பிடிக்க முடியவில்லை. தெருமுனை வரைக்கும் ஓடி, முட்டி மடங்கி, சேற்றில் உட்கார்ந்து கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் கழித்து, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாதமெல்லாம் கிழிந்து கிடந்தவரை லாரிக்காரர்கள்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். எந்த வீடு என்று கேட்டதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லையாம். அவர்களில் ஒருவன் அவரிடம் படித்தவனாக இருந்ததால் வீடு தெரிந்தது.

கதவைப் பூட்டி வைத்துப் பார்த்தாள். நாளெல்லாம் சுவரில் முட்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் துணியை எடுத்து அந்த உடுப்பை வெட்டினாள்.

அன்றிலிருந்து விடிந்தால் அவளுக்கு முதல் நாள்தான். அந்தக் கேலியையும் அவர் விடிந்தால் புதிதாகச் சொல்லி வருத்தப்பட்டார்.

மணிக்கட்டை விடாமல் வீடு வரைக்கும் நடத்திக் கூட்டி வந்தாள். வாசலில் மாஸ்டர் தயங்கினார். அந்நிய வீட்டுக்குள் வருவது முறையில்லை, தன் வீட்டில் ஒருத்தி சாப்பிடாமல் காத்திருப்பாள் என்றார். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி உள்ளே கூட்டிப் போனாள்.

தன் நாற்காலியைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. உட்கார்ந்தார். குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, சமையலறைப் பக்கமாக ஒரு செல்லப் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார்.

கதவைப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் அவர் முதுகுப் பக்கமாகச் சுற்றிச் சமையலறைக்குள் போனாள்.

அங்கே நின்று, "இதோ வரேங்க" என்று குரல் கொடுத்தாள்.