வெண்டலின் முறை

சட்டமன்றக் குழு அறையின் உயரமான ஜன்னல்கள் வழியே பனிக்கால வெளிச்சம் சாம்பல் நிறமாக இறங்குகிறது. பின்வரிசைகளில் நாற்பது தீயணைப்பு வீரர்கள் சங்கத்தின் மஞ்சள் சட்டையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். புகைக்குள் வேலை செய்து புற்றுநோயில் சாகிறவர்களின் குடும்பத்துக்கு முழு ஓய்வூதியம் கேட்கும் மசோதா; தேற இன்னும் ஒரே ஒரு ஓட்டு வேண்டும். "மேசையில உக்காந்திருக்கிற அந்தக் கண்ணாடிக்கார எம்.எல்.ஏ தூங்கறாரு பாரு ரஸ், மணி அடிச்சாத்தான் எழுந்திருப்பாரு போல" என்கிறாள் நோரீன். சங்கச் செயலாளர் ரஸ் சிரிப்பை அடக்குகிறான். நோரீனின் கணவன், தீயணைப்பு வீரன் வெண்டல், புற்றுநோயில் இறந்து இருபது நாளாகிறது. குமாஸ்தா பட்டியலைப் பார்த்து அடுத்த சாட்சியை அழைக்கிறாள். "வெண்டல் பிராய்டி." ரஸ் வெளிறிப்போகிறான். "ஐயோ, லிஸ்ட்லேர்ந்து அவன் பேர எடுக்க மறந்துட்டேனே." எழப்போனவனின் கையை நோரீன் பிடித்துக்கொள்கிறாள். "இரு. கூப்பிடட்டும்." கல்லறைத் தோட்டத்திலும் இப்படித்தான் வயர்லெஸ்ஸில் மூன்று முறை அவன் பெயரைச் சொல்லி அழைத்தார்கள், பதில் வராததும், பணி முடிந்தது என்று அறிவித்தார்கள். எந்தத் தீயணைப்பு வீரனுக்கும் கடைசியில் அதுதான் வழக்கம். குமாஸ்தாவுக்கு அது தெரியாது. "வெண்டல் பிராய்டி?" நாற்காலிகள் கிறீச்சிட, நாற்பது பேரும் எழுந்து நிற்கிறார்கள். சுவரோரக் குழாயில் நீராவி முனகுகிறது. குமாஸ்தா தயங்கி, குரலைத் தாழ்த்தி, மூன்றாம் முறையும் அழைக்கிறாள். பிறகு பட்டியலில் பேனாவை வைக்கிறாள். "வரலைன்னு குறிச்சுக்கட்டுமா?" நோரீன் மைக்கை நோக்கி நடக்கிறாள். "குறிக்காதீங்கம்மா. அவர் டியூட்டி இன்னும் முடியல."