இருக்கேன் சார்

சைத்ராவின் பொறுப்பில் நூறு கணினிகள் கூட்டாக வேலை செய்தன. ஒவ்வொன்றும் மூன்று நொடிக்கொரு முறை தலைமைக் கணினிக்கு 'இருக்கேன்' என்று சேதி அனுப்பும். சேதி நின்றால் அது செத்ததாக அர்த்தம். அதன் வேலை இன்னொன்றின் தலையில் விழும்.

அந்தப் பெங்களூரு அலுவலகத்தில் தன் அறையை விட்டு வெளியே வராத மேனேஜர் வாதிராஜுக்கு இந்த ஏற்பாடு ஏகத்துக்கும் பிடித்துப்போனது. ஊழியர்களும் அரை மணிக்கொரு முறை தனக்கு 'இருக்கேன் சார்' என்று மெயில் அனுப்ப வேண்டும், மூன்று முறை தவறினால் வேலை போச்சு என்று ஒன்றாம் தேதி உத்தரவு போட்டார்.

மாதக் கடைசியில் சைத்ராவைக் கூப்பிட்டார்.

"நேத்து மூணு மெயில் வரலையேம்மா?"

"நாலு மெஷின் படுத்துடுச்சு சார். அதைத்தான் எழுப்பிட்டிருந்தேன்."

"வேலை செஞ்சேன்னு சாக்குச் சொல்லாதே! கிரீஷைப் பாரு. மாசம் பூரா ஒண்ணுகூடத் தவறல. அவன்தான் சிறந்த ஊழியர். உன் வேலையையும் இனி அவனே பார்ப்பான்."

கிரீஷுக்குப் போட வாங்கிய மைசூர்த் தலைப்பாகையும் சந்தன மாலையும் மேஜைமேல் தயாராக இருந்தன.

"அவர் சொந்த ஊர் சிர்சிக்குப் பாக்குத் தோட்டத்தைப் பார்த்துக்கப் போய் இருபது நாள் ஆச்சு சார். மெயில் மட்டும் தானாப் போற மாதிரி முதல் நாளே கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சிருந்தார். அது இன்னும் ஓடிட்டிருக்கு."

வாதிராஜுக்கு முகம் வெளுத்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"ராஜினாமாவை உங்களுக்குத்தானே சார் மெயில்ல அனுப்பினார்? எங்க எல்லாரோட 'இருக்கேன் சார்'க்கும் அடியில எங்கேயாவது கிடக்கும்."

அவர் பதறிப்போய்த் தேட ஆரம்பித்தார். கணினி 'டிங்' என்றது. கிரீஷிடமிருந்துதான் மெயில்.

'இருக்கேன் சார்.'