கடைசிக் கம்பம்

"காலை எடுங்க தலைவரே. நீங்க ஏற முடியாது."

முற்றத்தில் அக்கார்டியன் வாசிப்பு பாதியில் நின்றது. கூடியிருந்த முந்நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சொன்னவர் பாதுகாப்பு அதிகாரி ரதாமெஸ். கம்பத்தில் ஒரு காலை வைத்தபடி நின்றவர், சாந்தியாகோ நகரத்துக் கேபிள், டெலிபோன் கம்பெனியின் தலைவர் எவாரிஸ்தோ பெகுவேரோ. அன்று மாலையோடு ஓய்வு பெறுகிறார்.

லைன்மேனாகச் சேர்ந்தவர்கள் கடைசி நாளில் முற்றத்துக் கம்பத்தில் ஏறி, உச்சியில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டு இறங்குவது அங்கே வழக்கம்.

பெகுவேரோவும் லைன்மேன்தான். பிறகு விற்பனை, வட்டார மேலாளர், துணைத் தலைவர், தலைவர் என்று முப்பத்தெட்டு வருடம். எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு புயல் நாள். ஆஸ்பத்திரி லைனைச் சரிசெய்ய, கொட்டுகிற மழையில் தன்னந்தனியாகக் கம்பம் ஏறினாராம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவார்கள்.

"ஏன் ஏறக் கூடாது?"

பயிற்சிக்கு வந்திருந்த பல்கலைக்கழக மாணவி யனில்சா முன்னால் வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"உயரத்துல வேலை செய்யற சான்றிதழ் காலாவதி ஆயிடுச்சு."

"எப்போ?"

"இருபத்தாறு வருஷம் ஆச்சு."

கூட்டம் சிரித்தது. யனில்சா சிரிக்கவில்லை.

"சான்றிதழ்ல கையெழுத்துப் போடறதே அவர்தானேங்க!"

"அதனாலதான் அவரே அவருக்குப் போட்டுக்க முடியாது."

"போன வாரம் கேன்டீன்காரர் கூரை மேல ஏறி மாங்காய் பறிச்சாரே, அவர்கிட்ட எந்தச் சான்றிதழ் இருந்துச்சு?"

"அது கூரை. இது கம்பம்."

"இது விதி இல்ல சார், வயித்தெரிச்சல்! ரெண்டு பேரும் ஒரே வருஷம் சேர்ந்தீங்க. அவர் தலைவர் ஆயிட்டார். நீங்க இன்னும் அட்டையும் பேனாவுமா நிக்கறீங்க!"

"அப்படிச் சொல்லு!" என்று பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள்.

ரதாமெஸின் காது சிவந்தது. கம்பத்தைச் சுற்றி மஞ்சள் நாடாவைக் கட்டினார். ஒரு சுற்று இல்லை, நாலு சுற்று.

"விடும்மா," என்றார் பெகுவேரோ. "விதின்னா எனக்கும் விதிதான்."

ஹெல்மெட்டைக் கழற்றும்போது அவர் கை நடுங்கியது.

"பாருங்க, அவமானத்துல எப்படி நடுங்கறார் மனுஷன்!" யனில்சாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

பெகுவேரோவுக்குக் கைதட்டல் வானத்தைப் பிளந்தது. ரதாமெஸ் உள்ளே போகும்வரை ஊளைச் சத்தம் துரத்தியது.

அரை மணி நேரத்தில் யனில்சா புகார் எழுதி, நாற்பத்திரண்டு பேரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். அதை ரதாமெஸ் கையிலேயே கொடுத்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி வாங்கினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

அவர் அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே பெகுவேரோவின் குரல்.

"நாற்காலி மேல ஏறி பல்பு மாத்தினாலே எனக்குத் தலை சுத்தும்னு என் பொண்டாட்டிக்கும் உனக்கும் மட்டும்தான்டா தெரியும். புயலன்னைக்கு ஏறினது நீ. பத்திரிகைக்காரன் கீழ ஏணி பிடிச்சு நின்ன என்னைப் படம் எடுத்துட்டுப் போனான். நானும் மறுக்கல, நீயும் வாயைத் திறக்கல. இன்னைக்கும் எனக்காக இவ்வளவு பேச்சு வாங்கிக்கிட்டியே, எப்படிடா தாங்கினே?"

ரதாமெஸ் வாய் நிறையக் கேக்கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"புயல் பரவாயில்லடா எவாரிஸ்தோ. விடியறதுக்குள்ள ஓய்ஞ்சிடுச்சு. அந்தப் பொண்ணு ஓயவே மாட்டேங்குதே!"