பத்துக்குப் பத்து

"வெளியாள் வந்து நம்ம புரோகிராம்ல அப்படி என்னத்த கண்டுபிடிச்சிடப் போறாங்க?" என்றார் மேனேஜர்.

எதிரே டெஸ்டர் பெண் நின்றிருந்தாள். அவளுடைய லீவு லெட்டர் மேஜைமேல் கிடந்தது. அக்காவுக்கு அடுத்த வாரம் பிரசவம்; கூட இருக்க வேறு ஆளில்லை. கேட்டது பத்து நாள். போன வாரம் கொடுத்தபோது "பார்க்கலாம்" என்று திரும்பி வந்த அதே லெட்டர்தான்.

அங்கே பல் மருத்துவமனைகளுக்கான அப்பாயின்ட்மென்ட் ஆப் ஒன்றைத் தயாரித்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பு. முதல் வாரம் முழுக்க அவள் ஈ ஓட்டுவாள். கடைசி மூன்று நாள், எழுதியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள். சோதித்துப் பார்க்க அவள் ஒருத்திதான். இன்னொரு ஆளை நிரந்தரமாக எடுத்தால் முதல் வாரம் இரண்டு பேராக ஈ ஓட்டுவீர்கள் என்பார் மேனேஜர். அதிலும் நியாயம் இல்லாமலில்லை.

அதனால் அவளே ஒரு வெளி நிறுவனத்தைத் தேடிப் பிடித்திருந்தாள். வேலை குவியும்போது நாலு பேர் சோதிப்பார்கள், குறைந்தால் யாரும் வேண்டாம். கணக்காகப் பார்த்தால் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. மேனேஜருக்கு மனசுதான் இடம் கொடுக்கவில்லை. குழுவோடு குழுவாக உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிற மனிதர் அவர். நாம் எழுதியதை ஊரான் குறை சொல்வதா என்றிருந்தது.

கடைசியில் ஒரு பரீட்சை வைத்தார். கண்ணாடி என்று எல்லோரும் கூப்பிடும் புரோகிராமரை அழைத்தார்.

"நீ ரகசியமா பத்து தப்பை உள்ள வச்சிட்டு அவங்களுக்கு அனுப்பு. எங்க வச்சேன்னு என்கிட்டகூட சொல்லாத. குறைஞ்சது எட்டு கண்டுபிடிச்சா அவங்களுக்கு வேலை, இவங்களுக்கு லீவு. இல்லன்னா ரெண்டும் கிடையாது."

கண்ணாடி மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே சரி என்றான்.

நாலாம் நாள் அறிக்கை வந்தது. டெஸ்டர் பெண்ணுக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை. மேனேஜர் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்பதில் ஒருமுறை நிறுத்திக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு மேலே போனார்.

சரியாகப் பத்து. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை.

தோற்றுப்போனதில் இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை அவள் பார்த்ததில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அதே வேகத்தில் லீவு லெட்டரிலும் போட்டார். அக்காவை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் மனசு மாறுவதற்குள் போய்விட வேண்டுமென்று, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் அவள் படியில் இறங்கி ஓடினாள்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கண்ணாடியின் பக்கம் திரும்பினார்.

"அவங்க கெட்டிக்காரங்கதான், ஒத்துக்கறேன். ஆனா நீ அதுக்கும் மேலப்பா. வேணும்னே வச்ச தப்புன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான், அவ்வளவு இயல்பா இருக்கு. இந்த ஏழாவதுதான் கொஞ்சம் ஓவர். நேத்து தேதிக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்டா, 'சரி, நேரத்துக்கு வந்துடுங்க'ன்னு பதில் சொல்லுதாம். எந்த மடையனாவது இப்படி எழுதுவானா?"

கண்ணாடி, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். பையனுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டு மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார். சாயங்காலம் பதிப்பு வாடிக்கையாளருக்குப் போக வேண்டும், வைத்த பத்தையும் அதற்குள் எடுத்துவிடு என்றார்.

"அது வந்து சார்..." கண்ணாடி துடைத்ததை மறுபடி மாட்டிக்கொண்டான். "இருந்த அவசரத்துல எதையும் வைக்காமலே அனுப்பிட்டேன். அந்தப் பத்தும் நாம நிஜமாவே பண்ணின தப்பு. ஒம்பது என்னோடது, ஏழாவது மட்டும் நீங்க எழுதினது."