மருந்து அடித்த பக்கம்

வேன் வந்து நிற்பதற்குள் பலகைகள் இடம் மாறியிருந்தன.

நேற்றுச் சாயங்காலம் வரை ‘மருந்து அடித்தது’ என்ற பலகை கிழக்கே இருந்தது. கிழக்கே மண் அணைத்துச் சர்க்கரைவள்ளி நட்ட நாலு பாருக்கும் அடித்தவர் வயல்காரர் குழந்தைசாமிதான். கம்பெனிக்காரர் வசந்தகுமார் சொன்ன அளவில், சொன்ன நாளில், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தார்.

இப்போது அந்தப் பலகை மேற்கே நின்றது.

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து இந்த இலுப்பூர் வயலுக்கு அழைத்து வரப்பட்ட விவசாயிகள் இருபது பேர் இறங்கினார்கள். ஆளுக்கொரு மோர் பாக்கெட், ஒரு தொப்பி. தொப்பியிலும் மருந்தின் பெயர்.

வசந்தகுமார் மைக்கைப் பிடித்தார். சர்க்கரைவள்ளி கொடியாய்ப் படர்ந்தே சத்தை வீணாக்குகிறதாம். இந்த வளர்ச்சி ஊக்கி கொடியை அதட்டி உட்காரவைத்து, சத்தைக் கிழங்குக்கு இறக்கிவிடுமாம். வளர்ச்சி ஊக்கி எதற்கு வளர்ச்சியை அதட்டுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

மேற்கே மண்வெட்டி இறங்கியது. முழங்கை நீளத்துக்குக் கிழங்குகள் வந்தன. பத்து செல்போன்கள் உயர்ந்தன.

கிழக்கே வெட்டினார்கள். சுண்டுவிரல் பருமனில் வேர்கள்.

“மருந்து அடிக்காத பக்கத்தோட கதியப் பாருங்க,” என்றார் வசந்தகுமார்.

கூட்டம் உச்சுக்கொட்டியது.

மைக் குழந்தைசாமியிடம் வந்தது.

முன்னால் நின்ற ஒரு பெண் நோட்டைத் திறந்து, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளக் காத்திருந்தார். வசந்தகுமார் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மருந்து வேலை செய்யுதுங்க,” என்றார் குழந்தைசாமி. “நாலு பாரை என்ன பண்ணிருக்குன்னு நீங்களே பாத்தீங்கள்ல.”

கைதட்டினார்கள்.

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். அந்தப் பெண் இரண்டு பாட்டில் வாங்கும் வரைதான் அந்தத் தேறுதல் நின்றது.

அட்டைப்பெட்டிகள் காலியாயின. வேன் போனது.

வசந்தகுமார் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். குழந்தைசாமி குனிந்தார். கிழக்கே கிடந்த சுண்டுவிரல் வேர்களை ஒன்று விடாமல் பொறுக்கி, ஒரு பையில் போட்டு நீட்டினார்.

“சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோட அனுப்பக் கூடாதுல்ல. கொண்டு போங்க மாப்ள.”